தடியன் மேல் விழுந்த கொலைப்பழி

"டாக்டர்... தடியனைக் கொல்லப் போறாங்க! உடனே வாங்க!"

பால் கேன் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போனைக் காதோடு அழுத்தியிருந்தாள் பண்ணைக்காரரின் மகள். வயது பதினைந்து.

தடியன், கன்றுகளோடு படுத்துப் புரளும் பண்ணை நாய்.

கால்நடை டாக்டர் பத்தே நிமிடத்தில் வந்து இறங்கினார்.

"இவன்தான் கொலைகாரன்!" அப்பா சங்கிலியை இழுத்தார். "நாலு கன்னுக்கு டி.பி.! நீங்க கழுத்துல போட்ட டெஸ்ட் ஊசி நாலுக்கும் வீங்கிடுச்சு. இந்தப் பய சும்மா சும்மா அதுங்க மூஞ்சிய நக்கிக்கிட்டே கிடந்தான். முடிச்சு விடுங்க!"

"நாயும் பரப்பலாம்தான். பூனை, ஆடு... மாட்டோட ஒட்டிக் கிடக்கிற எதுவும் பரப்பலாம். நாலும் ஒரே கொட்டகையா?"

"ரெண்டு இங்க... ரெண்டு மேட்டுக் கொட்டகை."

"அங்க இவன் போவானா?"

அப்பா சங்கிலியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"போனதே இல்ல!" மகள் வெடித்தாள். "சுத்தி வேலி!"

"நீ உள்ள போடி!"

"இரும்மா. அப்ப நாலுக்கும் பொதுவா என்ன இருக்கு?"

அவளுக்குத் தெரியும். சொன்னால் அப்பா மாட்டுவார்... சொல்லாவிட்டால் தடியன் சாவான்!

"நாலும்... பொறந்தப்ப மூச்சு விடல டாக்டர்."

"அப்புறம்?"

"மூக்குல வாய வெச்சு ஊதி ஊதிப் பொழைக்க வெச்சாங்க."

"யாரு?"

விரல் மட்டும் நீண்டது.

அப்பாவை நோக்கி!

"ஆமாய்யா, நான்தான்! உயிர் குடுத்தேன், அது தப்பா?" கத்தியவர் இருமினார்... இருமிக்கொண்டே இருந்தார். துண்டால் வாயைப் பொத்தினார்.

மகள் அதைப் பறித்து விரித்தாள்.

ரத்தம்!

"ஒரு வருஷமா நான்தான் டாக்டர் இதைத் துவைக்கிறேன். வெளிய சொன்னா தொலைச்சிடுவேன்னாரு..."

"தெரிஞ்சா நம்ம பாலை எவன் வாங்குவான்?" அப்பாவின் குரல் உடைந்தது.

"தெரிஞ்சேதான் பழியை நாய் தலையில கட்டினீங்களா?" என்றார் டாக்டர்.

அப்பாவின் கையிலிருந்து சங்கிலி நழுவியது.

"கன்னுங்க, டாக்டர்?" மகள் கேட்டாள்.

"காப்பாத்த முடியாதும்மா. உங்கப்பாவுக்கு மருந்து இருக்கு. சளி டெஸ்ட் எடுக்கணும். நீயும் கூட வா... உனக்கும் எடுக்கணும்."

அவள் நெஞ்சில் கை வைத்தாள்.

"ஆஸ்பத்திரியெல்லாம் வேணாம்," அப்பா கெஞ்சினார். "காதும் காதும் வெச்ச மாதிரி நீங்களே வைத்தியம் பாத்துடுங்களேன்!"

டாக்டர் ஜீப் கதவைத் திறந்து பிடித்தார்.

"நான் மாட்டு டாக்டர். உங்களுக்கு ரெண்டு கால் கம்மியா இருக்கே... ஏறுங்க!"