மாவறையில் ஒரு கண்

வாலுவின் கையிலிருந்து பன் நழுவித் தரையில் விழுந்தது. "டொக்!" என்று சத்தம் கேட்டது.

பன் விழுந்தால் சத்தமே வரக் கூடாது. அதுவும் அம்மா பிசைந்த மாவில் செய்த பன்!

வாலுவுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. பேக்கரியில் யாருக்கும் அது நினைவில் இல்லை. பள்ளி விட்டதும் நேராக இங்கேதான் ஓடி வருவாள். ஓரிடத்தில் நிற்க மாட்டாள், ஓயாமல் கேள்வி கேட்பாள். அதனால் எல்லோருக்கும் அவள் வாலுதான். காய்ச்சலால் மூன்று நாள் வராமல் இன்றுதான் வந்திருந்தாள். அவளுடைய அம்மாதான் இங்கே மாவு பிசைகிறவர். சுடுகிறவர் அடுப்பு அண்ணன். முன்பக்கம் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் முதலாளி மாமா.

"மூணு நாளா இப்படித்தான்," என்று அடுப்பு அண்ணன் கிசுகிசுத்தார். "அதே மாவு, அதே ஈஸ்ட். ஆனா பன் மட்டும் கல்லு மாதிரி வருது. என்ன மாயமோ தெரியல."

அப்போது சுவர் பேசியது.

"அங்க என்ன குசுகுசுன்னு பேச்சு? வேலையப் பாருங்க!"

வாலு துள்ளிக் குதித்தாள். மேலே மூலையில் ஒரு கேமரா இருந்தது. அதன் ஓரத்தில் சின்னச் சிவப்பு விளக்கு முழித்துக்கொண்டிருந்தது. பேசியது முதலாளி மாமாவின் குரல்!

"இது எப்ப வந்துச்சு?" என்று வாலு கேட்டாள்.

"மூணு நாள் ஆச்சு. இங்க நடக்கறதெல்லாம் அவர் போன்ல தெரியும். பேசறதும் கேக்கும்," என்றார் அண்ணன், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

கதவு திறந்தது. முதலாளி மாமாவே வந்துவிட்டார். கெட்டவர் இல்லை, பாவம். ஆனால் கவலைப்படுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. மழை வந்தால் மாவு நனையுமோ என்று பயப்படுவார். வெயில் வந்தால் க்ரீம் உருகுமோ என்று பயப்படுவார்.

"நாளைக்கு வாலுவோட பள்ளிக்கூடத்துல விளையாட்டு விழா. ஐந்நூறு பன் கேட்டிருக்காங்க," என்றார். "இப்பப் போடற மாவும் இப்படி வந்தா, பிசையற மெஷினை வாங்கிடுவேன். அப்புறம்..."

அவர் தரையைப் பார்த்தார்.

"அப்புறம் பிசையறதுக்கு ஆள் தேவைப்படாதும்மா," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

வாலு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவுக்கு வேலை போய்விடுமா? இந்த ஊரிலேயே நல்ல பன் அம்மாவுடையதுதானே!

அம்மா மாவைத் தொட்டியில் கொட்டினார். தண்ணீர் விட்டுப் பிசையத் தொடங்கினார். வாலு ஒரு மாவு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாள். அதே கைகள்தான், அதே தொட்டிதான். நடுநடுவே அம்மா தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தார். பிறகு இன்னும் வேகமாகப் பிசைந்தார். ஆனாலும் என்னவோ குறைந்தது, உப்பில்லாத குழம்பு மாதிரி.

சட்டென்று வாலுவுக்குப் புரிந்தது. மூட்டையிலிருந்து குதித்தாள்.

"அம்மா! நீ பாடவே இல்ல!"

"உஷ்ஷ்!"

ஆமாம், அம்மா பாடிக்கொண்டுதான் பிசைவார். மாவும் தண்ணீரும் சேரும்வரை மெல்லப் போகும் ஒரு பாட்டு. ஓங்கி அடித்துப் பிசைய ஒரு துள்ளல் பாட்டு. கடைசியில் ஒரு நீளமான பாட்டு. அது முடிந்ததும் மாவில் விரலால் குத்திப் பார்த்து, "ஆச்சு!" என்பார். அம்மாவுக்கே தெரியாமல் அந்தப் பாட்டுகள்தான் அவருடைய கடிகாரம். இப்போது பாட்டு இல்லை. பாதிப் பிசையலிலேயே கை நின்றுவிடுகிறது!

வாலு இதைக் காதோடு காதாகச் சொன்னதும் அம்மாவின் கண்கள் விரிந்தன. அவர் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் மெதுவாகப் பேசினார்.

"நீ சொல்றது சரிதான்டி. ஆனா எப்படிப் பாடறது? சுவருக்கும் காது உண்டுன்னு சும்மா சொல்வாங்க. இந்தச் சுவருக்குக் கண்ணும் வாயும்கூட இருக்கே!"

"தண்ணிய வீணாக்காதீங்க!" என்றது சுவர்.

அம்மா சட்டென்று குழாயை மூடினார்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. பாட்டெல்லாம் அவரே கட்டியவை. அந்தத் துள்ளல் பாட்டு இப்படிப் போகும்:

"உருளு உருளு மாவே, உப்பிப் போன மாவே,
முதலாளி கன்னம் போல பளபளன்னு வா மாவே!"

இதை முதலாளி காதில் விழப் பாட முடியுமா?

"ஒரு துணியப் போட்டு மூடிட்டா?" என்று அடுப்பு அண்ணன் சைகையில் கேட்டார். கேட்டவர் சும்மா இருக்கவில்லை. துடைக்கும் துணியைச் சுருட்டி மேலே எறிந்தார். அது கேமராவின் மேல் அழகாகத் தொங்கியது.

"யாரது? துணிய எடு!" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டு துணியை எடுத்தார்.

"ஒளிச்சு வெச்சா சரிப்படாது. நான் போய் மாமாகிட்டயே பேசறேன்!" என்று சொல்லிவிட்டு வாலு முன்பக்கம் பறந்தாள்.

முதலாளி மாமா ஒரு பிறந்தநாள் கேக்கின் மேல் க்ரீமில் வாழ்த்து எழுதிக்கொண்டிருந்தார். இந்த வேலையை அவர் யாரிடமும் விட மாட்டார். அவருடைய எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"மாமா, ஒரு விஷயம்..."

"இரு வாலு. இத முடிச்சிடறேன்."

வாலு மேசை மேல் தாடையை ஊன்றிக் காத்திருந்தாள். எப்போது முடிப்பார்? எப்போது முடிப்பார்? அவர் கையையே உற்றுப் பார்த்தாள். கேக்குக்கும் அவள் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

மாமா அவளைப் பார்த்தார். பிறகு கேக்கைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். கை லேசாக உதறியது. க்ரீம் பொளக்கென்று கொட்டி, ஒரு எழுத்து கொழுத்த புழுவாகிவிட்டது.

"அடடா! அப்படி உத்து உத்துப் பாக்காத பிள்ளை! கை நடுங்குதுல்ல?"

"நான் ஒண்ணுமே பண்ணலையே மாமா. பாத்தேன், அவ்வளவுதான்."

"பாத்தாலே போதுமே! மூச்சு விடறதுக்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கு."

வாலுவின் கண்கள் பளிச்சிட்டன.

"மாமா, உள்ள அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கு. மூணு நாளா."

மாமா போனில் தெரிந்த மாவறையைப் பார்த்தார். கையிலிருந்த க்ரீம் சொட்டிக்கொண்டே இருந்தது.

"அம்மா பாடிக்கிட்டே பிசைவாங்க மாமா. பாட்டு முடிஞ்சாத்தான் மாவு பதமாகும். நீங்க கேப்பீங்கன்னு பாடறதே இல்ல. அதான் பன் கல்லாகுது."

"அப்படி என்ன பாட்டும்மா அது? எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

வாலு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அது அம்மாவோடது மாமா. நான் சொல்ல மாட்டேன்."

"திருட்டுப் பயத்துலதான் அத மாட்டினேன். பின்கதவு பூட்டு அவ்வளவு கெட்டியில்ல," என்றார் மாமா மெதுவாக.

"அப்ப அந்தப் பூட்டையே பாக்கட்டுமே! சரி, நான் திரும்பி நின்னுக்கறேன். நீங்க எழுதுங்க."

வாலு முதுகைக் காட்டி நின்றாள். அவள் மறுபடி திரும்பியபோது கேக்கின் மேல் எழுத்துகள் அழகாக உட்கார்ந்திருந்தன. கொழுத்த புழு ஒரு ரோஜாப்பூவாகியிருந்தது. மாமாவின் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தது!

அவரே ஏணி போட்டு ஏறினார். அடுப்பு அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். கேமராவைக் கழற்றிப் பின்கதவின் பூட்டுக்கு நேராக மாட்டினார்கள். பூட்டுக்கு வெட்கம் கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"மன்னிச்சுக்கோம்மா. என் கவலைல உன் கையக் கட்டிப்போட்டுட்டேன்," என்றார் மாமா.

"பரவால்ல முதலாளி. நேரமாச்சு, நகருங்க!" என்றார் அம்மா. அவர் ஏற்கனவே முழுக்கையைச் சுருட்டிவிட்டிருந்தார்.

மாவறைக் கதவு மூடியது. மெல்லிய பாட்டு எழுந்தது. பிறகு துள்ளல் பாட்டு. தொட்டி தடதடவென்று அதிர்ந்தது! அடுப்பு அண்ணன் தட்டில் தாளம் போட்டார். வாலுவோ மாவு பறக்கப் பறக்க ஆடினாள்.

மாவு குண்டாக உப்பியது. அடுப்பிலிருந்து வந்த முதல் பன்னை வாலு விரலால் அழுத்தினாள். அது உள்ளே போய், மெதுவாக எழுந்து வந்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் கடைக்கு வந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயம் முடிவதற்குள் பன் தட்டுகள் காலி. தலைமை ஆசிரியருக்கே ஒரு பன்தான் கிடைத்தது. அடுத்த வாரத்துக்கும் சேர்த்துப் பன் வேண்டுமென்று சொல்லியனுப்பினார்.

அந்தச் செய்தியைச் சொல்ல முதலாளி மாமா மாவறைக்கு ஓடினார். கதவைத் தள்ளப் போனவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு, இரண்டு விரலால் மெல்லத் தட்டினார்.

"உள்ள வரலாமாம்மா?"

"கொஞ்சம் இருங்க முதலாளி! இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருக்கு!" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சரிம்மா, சரிம்மா," என்று சொல்லிவிட்டு, தன் சொந்தக் கடையில், தன் சொந்தக் கதவுக்கு வெளியே, முதலாளி மாமா சமர்த்தாகக் காத்துக்கொண்டு நின்றார்.