சிவப்புக் கட்டத்துக்குள் முப்பத்தேழு

புதன்கிழமை காலை 9.10. நரம்பு வழியாக மருந்து ஏற்றும் புதிய பம்பு ஒத்திகையில் ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் ஒரு காற்றுக் குமிழி வந்தது. பம்பு நிற்கவில்லை, சத்தமும் போடவில்லை. பக்கத்தில் நின்ற செவிலிதான் குழாயைக் கையால் இறுக்கிப் பிடித்தார். மறுமுனையில் படுத்திருந்தது ரப்பர் பொம்மை என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

9.40. பம்பு என்னென்ன செய்ய வேண்டும் என்று வரி வரியாக எழுதி வைப்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். ஒவ்வொரு வரிக்கும் ‘தேவை’ என்று பெயர். எல்லோரும் கையெழுத்திட்ட காகிதத்தில் அறுபத்து நான்கு தேவைகள் இருந்தன. முப்பத்தேழாவது, குழாயில் காற்று வந்தால் பம்பு உடனே நின்று ஒலி எழுப்ப வேண்டும் என்றது. தேவைகளைக் காத்து வைக்கும் மென்பொருளைத் திறந்து பார்த்தால் அறுபத்து மூன்றுதான். குமிழி பற்றிய வரியைக் காணோம். யாரும் அழித்த தடமும் இல்லை. புரோகிராமர்கள் மென்பொருளில் உள்ளதை மட்டுமே செய்வார்கள், அப்படித்தான் செய்திருந்தார்கள்.

10.00. இயக்குநர் அதிகம் யோசிக்கவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன், நான்காம் தேதி பிற்பகல் 3.05க்கு, அந்தக் காகிதத்தை டைப் செய்த கோப்பை மென்பொருளுக்குள் ஏற்றியவள் ஒருத்திதான். மாலை நான்கு மணிக்குள் வேறு விளக்கம் வராவிட்டால் அவளை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டார்.

விசாரிக்கும் பொறுப்பு தரப் பிரிவின் ஆய்வாளருக்கு வந்தது. எந்தப் பதிலிலும் ஒரு கேள்வியை மாட்டி இழுப்பாள் என்பதால் அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் கொக்கி. தர்மசங்கடம் என்னவென்றால், கோப்பை ஏற்றியவள் கொக்கியின் நாத்தனார்.

“உங்க வீட்டுப் பொண்ணு. பூசி மெழுகிடாதீங்க,” என்றார் இயக்குநர்.

கொக்கிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. “நான் சொல்றதை நம்ப வேண்டாம் சார். மூணரைக்கு வாங்க, உங்க கண்ணாலயே பாருங்க,” என்றாள்.

10.20. நாத்தனார் அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். கோப்பை அப்படியே கொடுத்ததாகவும், படித்தது அறுபத்து மூன்று, ஏற்றியது அறுபத்து மூன்று, பிழை ஏதுமில்லை என்று மென்பொருள் சொன்னதாகவும் சொன்னாள்.

“காகிதத்துல எத்தனைன்னு எண்ணினியா?”

“இல்ல அண்ணி.”

கொக்கி திட்டவில்லை. கையெழுத்திட்ட காகிதத்தில் பத்தொன்பதாம் பக்கத்தைப் புரட்டினாள். மற்ற தேவைகள் சாதாரண வரிகளாக இருக்க, முப்பத்தேழு மட்டும் ஒரு சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தது. உயிர் காக்கிற வரி, பளிச்சென்று இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் மெச்சியிருந்தார்கள். கட்டம் போட்டது யார் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் திறக்கிற பொதுக் கணினியில் இருந்த கோப்பு அது.

11.30. சோதனை அறை. மேசைக்கு அடியில் ஒட்டி மூடிய அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. ‘குமிழி உணரிகள். மூன்றாம் முறை திருப்பி அனுப்ப’ என்ற சீட்டு. தேதி, அதே மாதம் இரண்டு. கொக்கி கேட்பதற்கு முன்பே சோதனைத் தலைவர் ஆரம்பித்துவிட்டார்.

“என்கிட்ட விசாரிச்சுப் பிரயோஜனமில்ல மேடம். என் சோதனைப் பட்டியல் காகிதத்தைப் பார்த்து எழுதினது. அவங்க கோப்பை ஏத்தறதுக்கு முன்னாடியே முடிச்சு முத்திரையும் வாங்கிட்டேன்.”

முத்திரையில் நான்காம் தேதி, காலை 11.20 என்றிருந்தது. ஒரு தேவைக்கு ஒரு சோதனை. பக்கத்துக்கு இருபத்தொரு வரி, கச்சிதமாக மூன்று பக்கம். கொக்கி நன்றி சொல்லிப் பிரதி வாங்கிக்கொண்டாள். படியிறங்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

3.30. கூட்ட அறை. எல்லோர் முன்பும் நாத்தனார் அதே கோப்பை மறுபடி ஏற்றினாள். அறுபத்து மூன்று, பிழை இல்லை. பிறகு கொக்கி சொன்னபடி முப்பத்தேழாம் வரியைக் கட்டத்திலிருந்து எடுத்துச் சாதாரண வரியாக்கி ஏற்றினாள். அறுபத்து நான்கு வந்தது. கட்டத்துக்குள் இருப்பது மென்பொருளின் கண்ணில் படுவதேயில்லை. பார்க்காத வரியைப் பிழை என்றும் அது சொல்லாது.

“யாரோ அழகுக்குக் கட்டம் போட்டது வினையாயிடுச்சு,” என்றார் இயக்குநர்.

“அழகுக்கு இல்ல சார். இந்த எண்கள் தானா வர்றது. ஒரு வரியைக் கட்டத்துக்குள்ள தூக்கினா அடுத்த வரி முப்பத்தேழாகணும். ஆகல. கட்டத்துக்குள்ள முப்பத்தேழுன்னு கையால டைப் பண்ணி, அடுத்ததை முப்பத்தெட்டுல ஆரம்பிக்க வெச்சிருக்காங்க. காகிதத்துல யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது, உள்ள மட்டும் போகக்கூடாது.”

“யாரு?”

கொக்கி சோதனைப் பட்டியலை மேசையில் வைத்துச் சோதனைத் தலைவர் பக்கம் திரும்பினாள். “இதைக் காகிதத்தைப் பார்த்து எழுதினதாச் சொன்னீங்க. காகிதத்துல அறுபத்து நாலு. உங்க பட்டியல்ல அறுபத்து மூணு, குமிழி மட்டும் இல்ல. மத்தியானம் மூணு மணிக்குக் காணாமப் போகப்போற வரியைக் காலை பதினொண்ணு இருபதுக்கே எப்படி சார் விட்டீங்க?”

அவர் பட்டியலைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். பிறகு எல்லாம் வெளியே வந்தது. குமிழியைக் கண்டுபிடிக்க வேண்டிய உணரி சோதனையில் மூன்று முறை தோற்றிருந்தது. வேறு வாங்கினால் நான்கு மாதம் தள்ளிப்போகும். சொன்ன தேதிக்குப் பம்பைத் தருவதாக இயக்குநரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பழைய வேலையில் இதே மென்பொருளில் கோப்பு ஏற்றியவர். கட்டத்தின் குணம் அவருக்குத் தெரியும்.

“அடுத்த பதிப்புல சேர்த்திருப்பேன் மேடம்.”

கொக்கிக்கு அன்று முதல்முறையாகக் கோபம் வந்தது. “அதுவரைக்கும் மறுமுனைல பொம்மையே படுத்திருக்கும்னு நினைச்சீங்களா?”

இயக்குநர் கோப்பிலிருந்து கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். சோதனைத் தலைவரைத் தன் அறைக்கு வரச் சொல்லிவிட்டு முன்னே நடந்தார்.

4.00. அறை காலியானதும் கொக்கி தொப்பென்று உட்கார்ந்தாள். உங்கள் தங்கைக்கு வேலை போய்விட்டது என்று வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“அண்ணி, நான் எண்ணிப் பார்த்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

“ஆமா. தெரிஞ்சிருக்கும்.”

நாத்தனார் காகிதத்தை இழுத்து வைத்து, திரையைப் பார்த்துப் பார்த்து ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். முப்பத்தேழில் விரல் சற்று நின்று, பிறகு முப்பத்தெட்டுக்குப் போனது.