பன்னெண்டு என்று சொன்னேன்

காலையில் எழுந்ததும் எங்கள் ஊரில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் கேட்பார்கள். அதைச் சொல்வது நான், பவுனம்மா. சிமெண்ட் தூசி புகாமல் மூடிக்கட்டிய ஊரின் வாசல் கதவை ஒட்டிய அறையில் சிதறொளிமானியோடு குடும்பம் நடத்துகிறேன். இரும்புக் குழாய் ஒன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அதன் குறுக்கே லேசர் பாயும். காற்றில் தூசி இருந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறும்; சிதறியதை ஓரத்திலிருக்கும் ஒளிக்கண் அளந்து எண்ணாக்கிப் பலகையில் காட்டும். நூறைத் தாண்டினால் சைரன் ஊதும், கதவு பூட்டிக்கொள்ளும். வெளியே இருப்பவர்கள் முகமூடியை மாட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். கலெக்டரே வந்து நின்றாலும் எண் இறங்காமல் கதவு திறக்காது. இத்தனை வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட நான் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

அந்த மார்கழிக் காலையில் எண் தொள்ளாயிரம். என் வீட்டுக்காரர் மருதையன் பழைய சுண்ணாம்புக் குவாரியில் மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத் திரும்பியவர், சைரன் ஊதிவிட்டதால் கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்டார்.

ஜன்னலில் பார்த்தேன். வெளியே ஒரே வெள்ளை. சிமெண்ட் தூசி என்றால் கண்ணாடியில் மாவாகப் படியும். இதுவோ சொட்டுச் சொட்டாக வழிந்தது. முந்தின நாள் சாயங்காலம் எண் பதினாலுதான். ராத்திரி காற்றும் வீசவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. சிமெண்ட் சூளைகளை மூடி, ஏரியில் தண்ணீர் நிற்கத் தொடங்கியபின், என் ஆயுசில் முதல்முறையாக ஊருக்குப் பனிமூட்டம் வந்திருக்கிறது. நீர்த்துளியும் ஒளியைச் சிதறடிக்கும். அந்த ஈரத்தை உலர்த்தக் குழாயில் ஒரு சூடேற்றி இருக்க வேண்டும். பனியே இல்லாத ஊருக்கு அது எதற்கு என்று எந்த மகராசனோ எப்போதோ கழற்றிவிட்டிருந்தான்.

சீருடை தேய்க்க வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக் குழாயின்மேல் அழுத்தினேன். அவ்வளவு தடித்த இரும்பு லேசில் சூடேறுமா? அதற்குள் வெளியே மருதையன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகமூடியின் வடிகட்டி ஈரத்தில் ஊறி அடைத்துக்கொண்டிருந்தது. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியும் உள்ளே காற்று போகவில்லை.

கழற்றுங்கள், இது வெறும் பனி, தண்ணீர்தான் என்று வாசல் மைக்கில் கத்தினேன். மனுஷன் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"எண் என்ன பவுனு?" என்றார். குரலே வரவில்லை.

நல்ல காற்றுக்கு நடுவில் மூச்சு முட்டிச் சாகப் போகிறவர் எண்ணைக் கேட்கிறார். கட்டின பெண்டாட்டி தொண்டை கிழியக் கத்துவது காதில் ஏறவில்லை. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பலகையில் எண்ணூற்று அறுபது.

"பன்னெண்டு" என்றேன்.

உடனே கழற்றினார். இரைக்க இரைக்க மூச்சு வாங்கினார். முகமெல்லாம் பனித்துளி. அது என்னவென்று தெரியாமல் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

ஒரு வழியாகக் குழாய் சூடேறியது. எண் மளமளவென்று சரிந்து ஒன்பதில் நின்றது. கதவு திறந்தது. உள்ளே வந்தவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இஸ்திரிப் பெட்டியையும் பார்த்தார். அப்போது எண் பன்னிரண்டு இல்லையா என்று மெல்லக் கேட்டார். இல்லை, எண்ணூறுக்கு மேல் என்று உள்ளதைச் சொன்னேன். டீ போடச் சொன்னார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் மறுபடியும் சைரன். இம்முறை வறண்ட காற்று, கண்ணாடியில் மாவு, அசல் தூசிதான். மருதையன் வெளியே முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எண் நானூறு என்றேன்.

"நெசமாவா?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எண்ணைத் திருப்பிச் சொல்லவில்லை.

"நான் சொல்றேங்க, மாட்டுங்க" என்றேன்.

மாட்டிக்கொண்டார்.