பழைய பாஸ்வேர்ட்

சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான பாடனில் பனிப்புகார் இறங்கிய அந்தப் புதன்கிழமை மாலை, தர்மிகாவின் கணினித் திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு கிழமையாக இதே கூத்துதான். அனுப்ப வேண்டியவையோ சாதாரணப் படங்கள் அல்ல. பிளந்த உதடு, வீங்கிய கன்னம், அவள் பிரிந்து வந்துவிட்ட புருஷன் வரதராசா சுவரோடு மோதி மோதிச் செவிடாக்கிய இடது காது. இன்றைக்கே வழக்கறிஞரிடம் அவை போய்ச் சேராவிட்டால் வழக்கில் மகள் ஹரிஷா தகப்பன் பக்கம் போய்விடுவாள்.

சூரிச்சில் கணினி வேலை பார்க்கும் தம்பி சிவநேசனுக்குப் போன் எடுத்தாள். கேட்கிற ஒரே காதில் போனை வைத்துவிட்டால் வீட்டுச் சத்தம் எதுவும் அவளுக்கு எட்டாது. ரூட்டரை ஒருதரம் கழற்றி மாட்டச் சொன்னான். அது வாசலோரச் சாமான் அறையில், குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. பல்ப் எரியவில்லை. ஈரக் கம்பளி மணத்துக்கும் பழைய சிகரெட் மணத்துக்கும் நடுவே கையை விட்டுத் துழாவினாள். ஒரு கோட்டு வெதுவெதுப்பாக இருந்தது. ரூட்டரின் சூடுதான் என்று எண்ணி, வயரைப் பிடுங்கி மாட்டிவிட்டு வந்தாள்.

வட்டம் நிற்கவில்லை. யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னான் தம்பி. அவளுடைய கணினி. அதற்கு மேலே, ‘வரதன் போன்’. சிக்னலின் பச்சைக் கோடுகள் அதற்குத்தான் நிறைந்திருந்தன.

தம்பிக்கு அப்படியே வாசித்துக் காட்டினாள். "அக்கா, பாஸ்வேர்ட் மாத்தினனீங்களோ?"

"இல்லையடா. ரூட்டரே அந்த வீட்டிலயிருந்து கொண்டுவந்ததுதானே. எல்லாத்திலயும் திரும்ப அடிக்கோணுமே எண்டு விட்டிட்டன்."

இருவர் பெயரையும் சேர்த்துக் கல்யாணத்தோடு வைத்த அதே சொல். பஞ்சியில், சோம்பலில் விட்ட வினை.

"வெளியில நிண்டால் இவ்வளவு பிடிக்காது, அக்கா. கொங்கிரீட் சுவர். உங்கட கொம்பியூட்டரைவிட அத்தான்ர போன்தான் ரூட்டருக்குக் கிட்ட நிக்குது."

கோட்டின் வெதுவெதுப்பு உள்ளங்கையில் திரும்ப வந்தது. வாசலுக்குப் போக அந்த அறையைத் தாண்ட வேண்டும்.

திரையில் மூன்றாவதாக ஒன்று முளைத்தது. ‘ஹரிஷா டேப்லெட்’. ஒரேயொரு கோடு. தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளை படியேறுகிறாள். கழுத்தில் வீட்டுச் சாவி. சனி ஞாயிறில் தகப்பனிடம் போகும்போதும் அதைக் கழற்றாத பிள்ளை. பிள்ளை தூங்கும்போது அதற்குப் படி எடுக்க அவனுக்கு ஒரு இரவு போதும்.

ஓடினாள். "பிள்ளை, உள்ள வராதை..."

கோட்டுகள் பிளந்தன. தலைமுடியில் ஒரு கை. வலது காதில் முஷ்டி. மறுபடி. மறுபடி. பிறகு சத்தமே இல்லை. வாய் நிறைய இரத்தம். கழுத்தில் ரூட்டர் வயர்.

பூட்டு திரும்பியது. அவளுக்குக் கேட்கவில்லை. கதவு திறந்தது. ஹரிஷாவின் வாய் அகலத் திறந்தபடி நின்றது. வரதராசா வயரை ஒரு கையில் சுற்றி இறுக்கிக்கொண்டே, மற்றக் கையை மகளிடம் நீட்டி, வா என்று சிரித்தான்.