காகித விமானத்துக்கு ஒரு கயிறு

மூன்றாம் நாளும் பசை காயவில்லை. இறக்கையில் காய்ந்திருந்தது, வாலில் காய்ந்திருந்தது, மேசையில் சிந்தினதுகூடப் பொருக்காகி நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. ஆனால் விமானத்தின் வயிற்றுக்குள், இடது பக்கத்து ஜன்னலுக்கு நேர் கீழே, ஒரு விரற்கடை இடம் மட்டும் இப்போதுதான் தடவியதுபோல் ஈரமாக இருந்தது. பர்னபாஸ் சுண்டுவிரலை விட்டுத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டவில்லை. பசை இல்லை அது, தண்ணீர்.

ஐப்பசி மாசம், தூத்துக்குடியில் ஜாடிக்குள் இருக்கிற உப்பே அழுது வடிகிற காலம், அட்டை மட்டும் என்ன செய்யும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டார். அந்த மனுஷருக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வதில் முப்பது வருஷப் பழக்கம் உண்டு.

அவர் விளையாட்டுக்குச் செய்கிற விமானம் இல்லை அது. கப்பல் ஏஜெண்டு ஆபீசில் படம் வரைகிற வேலை அவருக்கு. அளவு பிசகினால் தூக்கம் வராது. கப்பலில் போய்வருகிற ஹென்றி கொண்டுவந்த பழைய வெளிநாட்டுப் பத்திரிகையில், கேட்டலினா என்கிற அந்த யுத்தகாலத்துக் கடல் விமானத்தின் படம் அளவோடு இருந்தது. அடிக்குக் கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டார். இறக்கை இருபத்தாறு அங்குலம், நீளம் பதினாறு. அட்டையில் விலா எலும்பு மாதிரி வளையங்கள் வெட்டி நிறுத்தி, அதன்மேல் தாளைப் போர்த்தி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையால் ஒட்டினார். முதுகின் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும் கண்ணாடி ஜன்னல்களுக்கு எண்ணெய்த் தாளைப் பூவிதழாக நறுக்கிக் குமிழாக வளைத்தார்.

கேட்டது தங்கச்சி பிலோமி. கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றும்போது, அவளுக்கு மட்டும் ஏற்ற ஒரு கல்லறை கிடையாது. நாற்பத்திநாலாம் வருஷம் கடலில் விழுந்து கிடந்த அப்படியொரு கேட்டலினாவுக்குள் முங்கிப் போன அவள் புருஷன் சிலுவை, போனவன்தான். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயசு, கல்யாணமாகி எட்டு மாசம். வருஷா வருஷம் தோட்டத்து நடுக் கற்குருசுக்கு அடியில், அநாதைப் பிணங்களுக்கு ஏற்றுகிற இடத்தில் ஒரு திரியை வைத்துவிட்டு வருவாள். இந்த வருஷம் அவளுக்கு அலுத்துவிட்டது.

“அவிய கல்லறை அந்தப் பிளேன்தானண்ண. அதையே அட்டையில செஞ்சு குடுங்க. அதுக்கு முன்னால வைக்கேன் திரிய,” என்றாள்.

மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வார்? ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறது. கைம்பெண்ணான தங்கச்சிக்காகத் தான் கல்யாணமே செய்யாமல் இருந்துவிட்ட அண்ணன் என்று கோயிலில் சாமியார் பிரசங்கத்திலேயே சொன்னதுண்டு. பிலோமியும் அப்படித்தான் நினைத்தாள். மீன் ஆய்ந்தால் நடுத்துண்டு அவருக்கு. காய்ச்சல் வந்தால் விடிய விடிய அவர் காலடியில். அவருக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அவள் வைத்திருந்த அந்த மரியாதை ஒன்றுதான். அது போனால் அவரிடம் ஒன்றுமில்லை.

சங்கு குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றை அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். கூடப்பிறந்தவளின் தாலியை அறுக்க எவனுக்கும் மனசு வராது என்கிற நம்பிக்கை. கயிற்றின் மேல்நுனியில் ஒரு வளையம் இருக்கும், அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வான். கை வழுக்கினாலும் கயிறு போகாது. கீழே இருப்பவன் இரண்டு தரம் வெட்டி இழுத்தால், தூக்கு என்று அர்த்தம். அன்றைக்கு மேலே வள்ளத்தில் இருந்தது பர்னபாஸ். விமானத்துக்குள் பாராசூட் பட்டுத்துணி கிடக்கும், பிலோமிக்குத் திருவிழாச் சேலை ஆகும் என்று ஆசை காட்டிக் கூட்டிப்போனதும் அவர்தான். கடலடிப் பார்ப் பாறையில் உரசிக் கயிறு அறுந்துவிட்டது, கையில் மிஞ்சின துண்டைக் கடலிலேயே வீசிவிட்டேன் என்று வந்து சொன்னதும் அவர்தான்.

கயிறு அறவில்லை. அந்த விமானத்துப் பக்கம் போனால் ஜெயில் என்று தண்டோரா போட்டிருந்த காலம். தூரத்தில் பட்டாளத்து லாஞ்சு தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கயிறு இரண்டு தரம் வெட்டியது. தூக்கினார், வரவில்லை, உள்ளே எதிலோ மாட்டியிருந்தது. மறுபடி இரண்டு தரம். லாஞ்சின் சத்தம் நெருங்கியது. பர்னபாஸ் மணிக்கட்டிலிருந்து வளையத்தைக் கழற்றினார். கழற்றத்தான் செய்தார். பிறகு துடுப்பை எடுத்தார்.

நாலாம் நாள் மத்தியானம் பிலோமி மேசையைத் துடைக்க வந்தவள் விமானத்தைத் தூக்கிப் பார்த்து, காகிதமா இது, இந்தக் கனம் கனக்கிறதே என்றாள். பசை ஜாஸ்தியாகிவிட்டது என்றார் பர்னபாஸ். அவள் போன பிறகு தானும் தூக்கினார். ஒரு படி தண்ணீரைத் தூக்குகிற மாதிரி இருந்தது. சாய்த்தபோது உள்ளே ஏதோ ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மெல்ல நகர்ந்தது. கீழே வைத்தார். அறையில் வாடை வந்தது. மைதா வாடையில்லை, துத்த வாடையில்லை. கரையில் சங்குச் சதையை அழுகப் போட்டால் வருகிற வாடை, மூக்கில் ஏறினால் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காதே, அது. மேசையில் விமானம் இருந்த இடத்தில் நாலு சொட்டு ஈரம். ஒன்றை நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது.

வெளியே வீசி எறிந்துவிட்டிருக்கலாம். ஏன் என்று தங்கச்சி கேட்பாளே. அந்தக் கேள்விக்குப் பயந்து முப்பது வருஷம் ஓட்டியவர், ஒரு வாடைக்காகவா அதை இழுத்துவிட்டுக்கொள்வார்?

அன்று சாயங்காலம் பிலோமி கொடியில் கிடந்த துவர்த்தை மடித்துக்கொண்டே, விமானத்துக்குக் கயிறு எங்கே என்று கேட்டாள். அது சிலுவையின் சிவப்புக் கட்டம் போட்ட துவர்த்து. முங்கி ஏறுகிறவனுக்குத் தலை துவட்ட என்று வைத்திருந்தது. யாரும் அதைத் தொடக் கூடாது, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அவளே துவைத்துப் போடுவாள். கயிறெல்லாம் எதற்கு என்று பர்னபாஸ் மழுப்பினார். கயிறு இல்லாமல் உள்ளே போனவர் எப்படி மேலே வருவார் என்று சாதாரணமாகக் கேட்டாள். அன்று ராத்திரியே பர்னபாஸ் நூல்கண்டை எடுத்தார்.

விமானம் கிடந்த இடம் எட்டுப் பாக ஆழம், நாற்பத்தெட்டு அடி. கால் அங்குலக் கணக்குக்குப் பன்னிரண்டு அங்குலம். வெள்ளை நூலை மெழுகிட்டு முறுக்கி, அளந்து வெட்டி, ஒரு நுனியை இடது ஜன்னல் குமிழின் ஓரத்துத் திறப்பு வழியாக உள்ளே விட்டு, மற்ற நுனியை மேசைமேல் நீட்டிவைத்தார். மழை பிடித்துக்கொண்டது. கடல் இரைகிற சத்தமும் ஓட்டில் விழுகிற சத்தமும் ஒன்றாகிவிட்டன.

மறுநாள் நூல் குறைந்திருந்தது. அளவுகோலை வைத்தார். வெளியே ஒன்பது அங்குலம். எலி இழுத்திருக்கும். மத்தியானம் ஏழு. எலி இல்லை. சாப்பிட உட்கார்ந்தவர் இலையில் கை வைக்காமல் அறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிலோமி இரண்டு தரம் கூப்பிட்டாள், அவர் காதில் விழவில்லை.

கல்லறைத் திருநாள். மழை இருட்டில் மூன்று மணிக்கே விளக்கு ஏற்றவேண்டியதாயிற்று. பிலோமி தலைக்குக் குளித்து வெள்ளைச் சேலை கட்டி, மெழுகுதிரிக் கட்டோடு விமானத்தை எடுக்க வந்தாள். வெளியே நூல் மூன்று அங்குலம்தான் மிச்சம். அவள் குனிந்தாள். திரிக் கட்டைக் கீழே வைத்தாள். நூலின் நுனியை விரலில் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தாள்.

நுனியில் ஒரு வளையம் இருந்தது. பொடிசாய் முறுக்கி, அவிழாதபடி கட்டின வளையம். அடிக்குக் கால் அங்குலக் கணக்கில் கடுகளவு இருந்திருக்கவேண்டும்; சுண்டுவிரல் நுழைகிற அளவில் இருந்தது. எப்போது கட்டினோம் என்று பர்னபாஸுக்கே தெரியவில்லை. கை பழக்கத்தில் கட்டிவிட்டது.

“கயிறு அறுந்துபோச்சுன்னுல்லா சொன்னிய?”

அவள் வளையத்தை அவர் கண்ணுக்கு நேரே திருப்பினாள்.

“அறுந்த கயித்துக்கு வளையம் உங்க கையிலல்லா மிஞ்சிருக்கணும். அவிய இடுப்போட போன கயித்துல எப்பிடி வந்துச்சு, அண்ண?”

குளிக்கிறவர்கள் வீட்டில் பிறந்து, குளிக்கிறவனைக் கட்டினவள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பர்னபாஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தார். அவள் ஒன்றும் செய்யவில்லை. நூலை விடாமல் கேட்டாள்.

“எத்தன தடவ இழுத்தாவ?”

“ரெண்டு... ரெண்டா. நாலு.”

அதைச் சொல்லி முடித்த மாத்திரத்தில், அவள் விரலில் இருந்த நூல் வெட்டியது. இரண்டு தரம்.

மழைச் சத்தம் கேட்கவில்லை. இருவரும் நூலையே பார்த்தார்கள். மறுபடி இரண்டு தரம்.

பிலோமி அவர் வலது கையைப் பிடித்து இழுத்தாள். சுண்டுவிரலில் வளையத்தை மாட்டினாள். குளிர்ந்து கிடந்தது. அவர் கழற்றப் பார்த்தார். வரவில்லை. தோலோடு இறுகிவிட்டது. அன்றைக்கு எவ்வளவு லேசாகக் கழன்றது.

“இழுங்க.”

இழுத்தார். ஓர் அங்குலம். ஒரு சாண். ஒரு முழம். பன்னிரண்டு அங்குலம்தானே வெட்டினது. வந்துகொண்டே இருந்தது. ஈரமாக. பாசி படிந்து. வழவழவென்று. மடியில் குவிந்தது. வேட்டி நனைந்தது. காலடியில் தண்ணீர் தேங்கியது. வாடை. கனம் ஏறியது. விரல் அறுபட்டு ரத்தம் நூலோடு ஓடியது.

“போதும், பிலோமி. கை போச்சு.”

“இழுலே.”

நாற்பத்தெட்டு வருஷத்தில் அவள் அவரை ‘லே’ போட்டுப் பேசினதில்லை. பர்னபாஸ் அழுதார். அழுதுகொண்டே இழுத்தார். அவள் கொடியிலிருந்து சிவப்புக் கட்டத் துவர்த்தை எடுத்தாள். உதறினாள். இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு விமானத்துக்கு முன்னால் நின்றாள்.

நூல் நின்றது.

உள்ளே ஏதோ ஜன்னலில் வந்து இடித்தது. மெதுவாக.

எண்ணெய்த் தாள் குமிழ் உள்பக்கமிருந்து பிதுங்கியது. ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. கடுகு கடுகாய், ஐந்து. அடிக்குக் கால் அங்குலக் கணக்கில் மயிரிழை பிசகாத ஒரு கை.

பிலோமி துவர்த்தை விரித்தபடி ஓர் எட்டு முன்னால் வந்தாள்.

தாள் கிழிந்தது.