பாதத்தின் மேல் ஒரு தாடை

"நெஞ்சு நின்னு போச்சுன்னா அந்த லப்டப் சத்தம் எங்க போகும்மா?"

பொம்மை நாயின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு நர்ஸக்காவிடம் அவள் மகள் ஒருமுறை கேட்டாள். நர்ஸக்கா அன்றைக்கும் களைத்துத்தான் இருந்தாள். "தூங்கப் போயிடும்டி. நீயும் போய்த் தூங்கு" என்று சொல்லிவைத்தாள்.

அது இன்று ஏன் நினைவுக்கு வந்ததோ. மழை பிடித்த சாயங்காலம். கால்நடை மருத்துவமனையின் உள்ளறையை இப்போதுதான் ஃபினாயில் ஊற்றித் துடைத்திருந்தாள். சன்னலும் சாத்தியிருந்தது. ஆனாலும் எங்கிருந்தோ ஈர மண் வாசனை வந்துகொண்டிருந்தது.

மேஜையில் ஒரு செம்பட்டை நாய். அதன் இதயம் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் மெக்னீசியம் கலந்த பாட்டிலைத் தொங்கவிட்டு, கால்சியம் ஊசி ஒன்றையும் நிரப்பித் தட்டில் வைத்தார்.

"மெதுவா சொட்டணும்க்கா. வெறி பிடிச்ச இதயத்தை இது அடக்கும். வேகமாப் போச்சுன்னா ஒரேயடியா அடக்கிடும். துடிப்பு ரொம்ப இறங்கினா கால்சியம் போடுங்க. அதையும் மெதுவா."

"எனக்கே பாடமா? போங்க டாக்டர், அங்க ஆபரேஷனுக்கு வந்த பூனை மயக்கம் தெளிஞ்சு வீட்டுக்கே நடந்துடப் போகுது."

நாயின் சொந்தக்காரர், லாரி டிரைவர், வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "பொழைச்சுக்குவானாக்கா? வீட்டுல எனக்கு முன்னாடி இவனுக்குத்தான் சோறு. இவன் இல்லாம போனா என்னை உள்ளயே விடமாட்டாங்க."

"வெளிய உக்காருங்கண்ணே. நீங்க நடுங்குனா இவனும் நடுங்குறான்."

கதவைச் சாத்திவிட்டு வந்து நாயின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். மானிட்டர் இருந்தாலும் அது அவள் வழக்கம். சாகிற உயிரோ பிழைக்கிற உயிரோ, மேலே ஒரு கை இருக்க வேண்டும். அவள் கடவுளிடம் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

முன்பெல்லாம் மேஜைக்கடியில் கிழவன் படுத்திருப்பான். மருத்துவமனையே வளர்த்த நாய். அடிபட்டு வந்த எத்தனையோ நாய்களுக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்தவன். மேலே இருக்கும் இதயம் தளர்ந்தால், மானிட்டர் அலறும் முன்பே அவள் பாதத்தில் தாடையை வைத்து அழுத்துவான். போன வாரம் பின்கூண்டில் செத்துப்போனான். அந்த நேரம் அவள் கை வேறொரு நாயின் நெஞ்சில் இருந்தது. ஓடிப்போய்த் தொட்டபோது விறைத்திருந்தான். கொல்லையில் அவளே குழி தோண்டிப் புதைத்தாள். எல்லோருக்கும் வைத்த கையை அவனுக்கு வைக்கவில்லை.

இப்போது பாட்டிலில் சொட்டு தளர்ந்தது. செம்பட்டை நாய் ஊசி குத்தியிருந்த முன்னங்காலை மடக்கியதில்தான் மருந்து தடைபட்டது என்பதைக் களைப்பில் அவள் கவனிக்கவில்லை. சொட்டைக் கூட்டிக் குறைக்கும் குழாயின் உருளையைக் கொஞ்சம் திறந்துவிட்டாள். சொட்டு சரியாயிற்று. கூரையில் மழை. மானிட்டரின் ஒரே சீரான பீப். மின்விசிறியின் முனகல். கண் செருகியது.

பாதத்தில் ஏதோ கனத்தது.

தரை துடைத்த துணியாக இருக்கும் என்று நினைத்தாள். ஈரமாக இருந்தது. சில்லென்று இருந்தது.

அழுத்தியது.

மண் வாசனை தொண்டைவரை ஏறியது. அவள் குனியவில்லை. நிமிர்ந்தாள்.

நாய் மடக்கிய காலை நீட்டியிருந்தது. குழாயில் சொட்டு இல்லை. ஒழுக்கு. மருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளங்கையில் ஒரு துடிப்பு. வெகுநேரம் ஒன்றுமில்லை. இன்னொன்று. அப்புறம்தான் மானிட்டர் அலறியது.

உருளையை இறுக மூடினாள். "டாக்டர்!" கால்சியத்தை எடுத்தாள். மெதுவாக. சொட்டுச் சொட்டாக ஏற்றினாள். "வாடா கண்ணா. வா. அண்ணன் வெளிய நிக்கிறாரு."

வந்தது. ஒன்று. இன்னொன்று. பிறகு, பிடித்த பாதையை விடாமல் வரிசையாக.

டாக்டர் ஓடிவந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். நாயை வார்டுக்குத் தூக்கிப் போனார்கள். டிரைவர் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

"வாங்கக்கா, டீ சாப்பிடலாம்."

"நீங்க போங்க. இதோ வர்றேன்."

அவளால் நகர முடியவில்லை. பாதத்தின் மேல் கனம் அப்படியே இருந்தது.

மானிட்டரை அணைத்தாள். மேஜையோரம் தரையில் உட்கார்ந்தாள். கீழே பார்க்காமல் மேஜைக்கடி இருட்டுக்குள் கையை விட்டாள். சேறு காய்ந்த ரோமம். அதனடியில் விலா எலும்புகள். அவற்றுக்கிடையில் எதுவோ நெளிந்தது. கையை எடுக்கவில்லை.

"தூங்குடா கிழவா. நான் இருக்கேன்."

நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, உள்ளங்கைக்கடியில், மெதுவாக,

லப்.

அவள் காத்திருந்தாள்.

டப்.

மண் ஒட்டிய நாக்கு ஒன்று அவள் மணிக்கட்டை நக்கத் தொடங்கியது.