தவளைக்குப் பெண் தேடி

“தவளைக்குப் பொண்ணு பார்க்கவா என்னைய பொலிவியாவுக்குக் கூப்பிடற?” என்று, அங்கே தவளை ஆராய்ச்சி செய்யும் மனைவி சுகந்தியிடம் முத்தரசன் போனில் கேட்டிருந்தான்.

“சிரிக்காதீங்க மாமா. இந்த இனத்துல எங்க ஆராய்ச்சிக்கூடத்துல இருக்கற ஒரே ஒரு ஆண்தான் மிச்சம். அதுக்கும் வயசாகுது. ஒரு பொண்ணு கிடைக்கலீன்னா வம்சமே முடிஞ்சுரும்.”

“ஜாதகமெல்லாம் பார்க்க வேண்டாமா?”

“தண்ணி பொருந்தினாப் போதும்.”

அந்தப் பேச்சில் மயங்கித்தான் திருப்பூரில் சாயப்பட்டறை மாஸ்டரான அவன் இருபது நாள் லீவு போட்டுவிட்டு விமானம் ஏறினான். இப்போது ஆண்டிஸ் மலையின் மேகக் காட்டுக்குள், சுகந்தியின் பின்னால் மூன்றாவது நாளாக முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தான். முன்னால் வழிகாட்டி யூசேபியோ. அடுத்த மலையில் உருளைக்கிழங்கு பயிரிடுகிறவன், அதிகம் பேசமாட்டான்.

ஒன்றும் பிடிபடவில்லை. வரைபடத்தில் இருந்தவை இரண்டே ஓடைகள். இவர்கள் கடந்ததோ ஏழு. சூரியன் எந்தப் பக்கம் என்பதே மூடுபனியில் தெரியவில்லை. ஒவ்வொரு ஓடையிலும் கல் கல்லாகப் புரட்டியும் ஒரு தவளையைக்கூடக் காணோம்.

எட்டாவது ஓடைக்கரையில் முத்தரசன் நின்றுவிட்டான். பாறையில் வழிந்திருந்த துருக்கறையையே பார்த்தான்.

“சுகந்தி, இந்த ஷேடு நேத்தே பார்த்தேன். கீழே மஞ்சளடிச்சு, மேல ஆரஞ்சு. சாயத்துல நான் ஏமாற மாட்டேன். ஒரே ஓடையத்தான் சுத்திச் சுத்தி வந்துக்கிட்டிருக்கோம்.”

சுகந்தி யூசேபியோவைப் பார்த்தாள். “நிஜமா?” என்று ஸ்பானிய மொழியில் கேட்டாள்.

“பனியில பாதை மறந்துபோச்சு” என்றான் அவன். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டான்.

முத்தரசனுக்குக் கோபம் பொங்கியது. சுகந்திக்கோ கோபப்படுவதா, அழுவதா என்றே தெரியவில்லை. கரையில் உட்கார்ந்து, வழக்கம்போல் பூட்சுகளை மருந்துத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள்.

“ஒரே ஓடைன்னு தெரிஞ்சப்புறமும் எதுக்கு டாக்டரம்மா கழுவறீங்க?” என்று கேட்டான் யூசேபியோ.

“தவளையைக் கொல்ற பூஞ்சை நோய் கால்லதான் ஒட்டிக்கிட்டு வரும். நாளைக்கு நான் எந்தத் தண்ணியில இறங்குவேனோ, அதுக்கு என்னால கெடுதல் வரக்கூடாது.”

“போன தடவை வந்தவங்க இப்படிக் கழுவல” என்றான் அவன். குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். பிறகு அதைக் கழற்றி அவளிடம் நீட்டினான். “இதையும் கழுவுங்க. வேற இடத்துக்குப் போகணும்.”

பாறை இடுக்கில் ஊர்ந்து, பெரணிச் செடிகளைப் பிடித்து இறங்கினார்கள். முத்தரசன் இருமுறை சறுக்கினான். கீழே, அருவிக்குப் பின்னால், எந்த வரைபடத்திலும் இல்லாத ஓடை ஒன்று ஓடியது. குளிர் எலும்பைத் துளைத்தது. சுகந்தி கல்லுக்கடியில் கைவிட்டாள். இரண்டு கல், ஐந்து கல். ஆறாவதில் வழுவழுவென்று ஏதோ நெளிந்தது.

மேலே தூக்கினாள். ஆரஞ்சு வயிறு. அதன் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தாள். ஆணாக இருந்தால் அங்கே சொரசொரக்கும். சொரசொரக்கவில்லை.

“பொண்ணுதானுங்க மாமா!” என்றாள். முத்தரசன் அவசரமாகப் பெட்டியைத் திறந்து, ஓடைத் தண்ணீரை நிரப்பினான்.

தவளையை உள்ளே விட்டு மூடப்போனபோது, யூசேபியோ மூடியைப் பிடித்துக்கொண்டான்.

“மழை இல்லாட்டி நாங்க தவளைங்களைப் பானையில வெச்சு மலை உச்சிக்குத் தூக்கிட்டுப் போவோம். அதுங்க கத்தினா மழை வரும். வந்ததும் அதே தண்ணியில கொண்டுவந்து விட்டுடுவோம். நாலு வருஷத்துக்கு முன்னாடி உங்க ஆளுங்க நாலு தவளையை எடுத்துக்கிட்டுப் போனாங்க. நான்தான் வழிகாட்டினேன். ஒண்ணுகூடத் திரும்பி வரல. திருப்பிக் கொண்டுவந்து விடுவீங்களான்னு அவங்ககிட்ட அன்னைக்கே கேட்டிருக்கணும். வாய் வரல. அதான் உங்களை ஒரே ஓடையில சுத்த விட்டேன்.”

அவன் கையை எடுத்தான்.

“இவளைக் கூட்டிக்கிட்டுப் போங்க டாக்டரம்மா. இவளுக்குப் பொறக்கறதுங்களைக் கொண்டுவந்து இந்த ஓடையில விட்டுடுங்க.”